பிளேட் ரூமில் முளைத்த நீலப்பூ

1. சோன்பப்டி டப்பா

“இதுக்குள்ள என்ன தங்கச்சி வச்சிருக்கீக?”

பிளேட் ரூம் வாசலில் ரத்தினவேல் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். எங்கள் அச்சகத்தின் முதலாளி. பீரோவுக்கு மேலே நான் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் சோன்பப்டி டப்பா அவர் கையில் இருந்தது. தீபாவளிக்கு அவரே எங்களுக்குக் கொடுத்த டப்பாதான்.

“மண்ணு அண்ணாச்சி.”

“என்னது?”

“மண்ணு. கொஞ்சம் விதை போட்டிருக்கேன்.”

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். ‘தூசி உள்ளே வரக்கூடாது. செருப்பு, டீ, வடை அனுமதி இல்லை’ என்று அதை டைப் செய்து ஒட்டியவளே நான்தான்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் பிரீ-பிரஸ், அதாவது அச்சுக்கு முந்தைய வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. விருதுநகரில் வீடு. என் வீட்டுக்காரருக்கு அங்கே பருப்புக் கடை. காலையில் பஸ் ஏறி சிவகாசி வந்தால் கம்ப்யூட்டரில் டிசைன், கலர் கரெக்ஷன், பிறகு அச்சடிக்கிற உருவத்தை அலுமினியத் தகட்டில் பதித்துப் பிளேட் எடுப்பது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளேட் ரூமுக்குப் பாம்பு வந்தால்கூடப் பரவாயில்லை, தூசி வரக்கூடாது. ஒரு துகள் பிளேட்டில் உட்கார்ந்தால் போதும், அடிக்கிற அத்தனை காலண்டரிலும் முருகன் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும்.

அப்படிப்பட்ட அறைக்குள் நானே மண் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

2. பிங்க் எங்கிருந்து வந்தது?

சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் சீசன் மார்கழியோடு முடிந்துவிடும். மாசி, பங்குனியில் மிஷின்கள் பாதி நாள் சும்மா நிற்கும். காகிதம் மடித்து ஒட்டுகிற பைண்டிங் பெண்களை “நாளைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புறோம்” என்று திருப்பி அனுப்புவோம். அதைச் சொல்வது பெரும்பாலும் என் வேலையாக வந்து சேரும். அவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அந்த வருடம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு விதை கம்பெனியின் ஆர்டர் வருவதாக இருந்தது. வீட்டுத் தோட்டத்துக்கான பூ விதைகளுக்குச் சின்னச் சின்னக் கவர்கள். செண்டுமல்லி, ஜினியா, பால்சம் என்று நிறைய வகை. எல்லாவற்றையும் மாசிக்குப் பிறகு அடித்துக் கொடுத்தால் போதும். சும்மா கிடக்கிற மாதங்களுக்கு அப்படியே பொருந்துகிற வேலை.

மாதிரிக்கு ஒரு கவர் அடித்துக் காட்டச் சொன்னார்கள். ஃபர்கெட்-மீ-நாட் என்கிற பூ. குளிர் தேசத்துப் பூ, குட்டிக் குட்டியாக நீலத்தில் இருக்கும். வெளிநாட்டு விதைக்காரர்கள் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. அதை வைத்து ப்ரூஃப் அடித்து அனுப்பினோம்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனியின் பேக்கிங் பொறுப்பாளர் கோமதி நேரில் வந்தார். விவசாயம் படித்த பெண். என் மகள் வயது இருக்கும். ப்ரூஃபை மேசையில் விரித்தார்.

“மேடம், எங்க எம்.டி. இதை ரிஜெக்ட் பண்ணிட்டார். நீலப் பூவுல பிங்க் ஏன் வந்ததுன்னு கேக்குறார். ரிஜிஸ்டர் அவுட்டா, இல்ல மெஜந்தா ஓவரான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்.”

படத்தில் விரிந்த பூக்கள் நீலமாக இருந்தன. ஓரத்து மொட்டுகளில் மட்டும் ரோஸ் நிறம் தெரிந்தது. நான்கு வண்ணமும் அதனதன் இடத்தில் சரியாக விழுவதைத்தான் நாங்கள் ரிஜிஸ்டர் என்போம். அது விலகினால் இப்படி ஓரங்களில் சிவப்பு தட்டுவது வழக்கம்தான். மிஷின்மேன் மாடசாமியைக் கூப்பிட்டேன். எம். புதுப்பட்டிக்காரர், கோபம் சட்டென்று வரும்.

“யக்கா, என் மிஷின்ல ரிஜிஸ்டர் அவுட்டா? லென்ஸ் வச்சுப் பாருங்க. முடி அளவு விலகியிருந்தா நான் இன்னைக்கே பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருதேன். தப்பு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“என் கம்ப்யூட்டர்ல ஒரு தப்பும் இல்ல மாடசாமி. வந்த படத்தைத்தான் போட்டிருக்கேன்.”

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ரிஜிஸ்டர் சரியாகவே இருந்தது. அப்படியானால் பிங்க் படத்திலேயே இருந்திருக்கிறது. படம் எடுத்தவரின் கேமரா செய்த கோளாறா, பூவே அப்படியா? எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு செல்போனில் தேடினோம். ஒன்றில் முழுக்க நீலம், இன்னொன்றில் முழுக்க ரோஸ், மற்றொன்றில் வெள்ளை. மூன்றுமே ஃபர்கெட்-மீ-நாட் என்றது இன்டர்நெட். அவரவர் கட்சிக்கு அவரவர் படம் கிடைத்ததுதான் மிச்சம்.

மெஜந்தா என்கிற ரோஸ் மையைக் குறைத்து இன்னொரு ப்ரூஃப் அடித்தோம். மொட்டுகள் சாம்பல் நிறமாகி, மொத்தச் செடியும் காய்ந்துபோனது போல வந்தது. ‘செத்த பூ படத்தைப் போட்டு விதை விற்க முடியாது’ என்று எம்.டி. அதையும் திருப்பி அனுப்பினார். ஒரு பூவே சரியாக வரவில்லை, மற்ற வகைகளை எப்படி நம்பிக் கொடுப்பது, வேறு பிரஸ் பார்க்கலாம் என்று அவர் சொல்வதாகக் கோமதி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நீங்க இந்தப் பூவை நேர்ல பாத்திருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். எங்க கம்பெனிக்கே புது வகை. இங்கே சமவெளில வருமான்னு டிரையல் போடணும்னு நானும் சொல்லிட்டிருக்கேன். இன்னும் ஆரம்பிக்கல.”

“கொஞ்சம் விதை அனுப்புங்க. நாங்க போட்டுப் பாக்குறோம்.”

“சிவகாசிலயா?”

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. ஆனாலும் அனுப்பினார். தை கடைசி வரை எம்.டி.யைப் பொறுக்க வைப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

3. புரட்டாசி வெயில்

விதைகள் எள்ளைவிடச் சிறியவை, கறுப்பாக மினுமினுத்தன. அச்சகத்தின் பின்புற முற்றத்தில் இரண்டு தொட்டியில் தூவினேன். புரட்டாசி வெயில். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போனது. தொட்டியில் கிடந்த விதைகளை எறும்புகள் வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போயின. மாடசாமி இடுப்பில் கை வைத்து அந்த வரிசையைப் பார்த்தார்.

“யக்கா, இந்த பர்கட்டு மீனாட்டு எறும்புக்குத்தாங்க்கா லாயக்கு.”

அன்றிலிருந்து பைண்டிங் பெண்கள் வாயில் அந்தப் பூ ‘மீனாட்டு’ ஆகி, ஒரே வாரத்தில் ‘மீனாட்சி’ ஆனது. “மீனாட்சி எந்திரிச்சாளாக்கா?” என்று தினமும் விசாரிப்பார்கள்.

கோமதியிடம் போனில் கேட்டேன். “இந்த விதைக்குச் சூடு ஆகாது மேடம். குளிர்ச்சி வேணும், இருட்டும் வேணும். மண்ணு ஈரமா இருக்கணும், சொதசொதன்னு இருக்கக் கூடாது” என்றார்.

குளிர்ச்சி, இருட்டு. சிவகாசியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே பிளேட் ரூமுக்குள் போய் கதவைச் சாத்தினேன். எந்நேரமும் ஓடுகிற ஏசி. மங்கலான மஞ்சள் விளக்கு. ‘அட, இங்கேதானே நிற்கிறேன்!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் சோன்பப்டி டப்பாவைக் கழுவி, சலித்த மண்ணும் மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்பி, எடுத்து வைத்திருந்த மீதி விதையைத் தூவி மேலே மெல்லிசாக மண் போட்டு மூடினேன். தூசி பறக்காதபடி மூடியைச் சுற்றி டேப் ஒட்டிப் பீரோ மேல் ஏற்றினேன். அதைத்தான் அண்ணாச்சி கண்டுபிடித்தார்.

4. மறுபடியும் டப்பா

“பிளேட் ரூம்ல மண்ணு வைக்கிறதுக்கு உங்களுக்கு எப்படித் தங்கச்சி மனசு வந்துச்சு? வேற யாரும் செஞ்சிருந்தா நீங்களே அவுகளைத் தொலைச்சிருப்பீகளே!”

நியாயமாகத்தான் கேட்டார். அவர் டப்பாவை வெளியே கொண்டுபோனார். பின்னாலேயே போனேன். குப்பைக் கூடை பக்கத்தில் நின்று டேப்பை உரித்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். கொட்டப் போகிறார் என்று நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

மண் கொட்டும் சத்தமே வரவில்லை.

“தங்கச்சி, இங்கன வாங்க. பச்சையா என்னமோ தெரியுது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஊசி முனையில் பச்சை மை தொட்டு வைத்தது போல மண் முழுக்கப் புள்ளிகள். சிலவற்றில் இரண்டு இலைகள் விரிந்தே இருந்தன. எனக்கே தெரியாமல் முளைத்திருந்தன.

அண்ணாச்சி மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

“மூடிருவோம். வெளிய அனல் அடிக்குதுல்ல, வாடிரும்.” நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். “பிளேட் ரூம்ல மட்டும் வேண்டாம். உங்க கம்ப்யூட்டர் இருக்கிற டிடிபி ரூம் ஜன்னல் ஓரம் வையுங்க. அங்கயும் ஏசிதான. வெளிச்சமும் வரும்.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்ததும் அவர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த ஜன்னலைத்தான். லோடு போயிற்றா என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

5. முற்றத்துப் பாத்தி

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்ததும் நாற்றுகளை வெளியே நட்டோம். வடக்குச் சுவர் ஓரம் பகலில் பெரும்பாலும் நிழல் விழும் இடம். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் நிறைய மணலும் சாணமும் கொட்டிப் பாத்தியை மேடாக்கினோம். ஒரு நாற்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி.

போர்வெல் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகியது. உப்புத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினோம். சில்லென்று, உப்பே இல்லாத தண்ணீர். அடுத்து வந்த இலைகள் சுத்தமாக வந்தன. தொட்டால் பூனை காது போல மெல்லிய ரோமம்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் பாத்தியின் ஒரு மூலை முழுக்கச் சுருண்டு கிடந்தது. மண்ணெண்ணெய் வாடை. மிஷின் கழுவிய தண்ணீரை மாடசாமி வழக்கம்போல அந்தச் சுவர் ஓரம் ஊற்றியிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேலாக ஊற்றுகிற இடம், கை அதுவாகவே போயிருக்கிறது.

நான் திட்டலாம் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. காலி வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார்.

“யக்கா, என் மிஷின் பேரைக் காப்பாத்த வந்த செடிய நானே கொன்னுட்டேனே.”

“பாதி இருக்கு மாடசாமி. மண்ணை மாத்துவோம், வாங்க.”

வாடை அடித்த மண் முழுவதையும் அவரே வெட்டி அள்ளி வெளியே போட்டார். மறுநாள் ஒரு சாக்கு நிறைய கட்டிங் மிஷினில் விழுந்த அச்சடிக்காத வெள்ளைக் காகித நறுக்கு கொண்டுவந்தார். பிழைத்த செடிகளைச் சுற்றிப் பரப்பி, தண்ணீர் தெளித்து அமுக்கினார். ஈரம் காயாமல் இருக்க இது நல்ல வழியாக அமைந்தது. கழுவுத் தண்ணீருக்கு ஒரு மூடி போட்ட பீப்பாயும் வாங்கி வைக்கச் சொல்லி அண்ணாச்சியை நச்சரித்து வாங்கிவிட்டார். எத்தனையோ வருடமாக நான் கேட்டு நடக்காத காரியம் அது.

“எங்க வீட்டுக்காரி பேன்சி வெடி செக்ஷன்ல இருக்கா. நீலக் கலர் வர வைக்கிறதுதான் அங்கயும் பெரும்பாடாம். செடியிலயும் இம்புட்டுப் பாடா?” என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

6. நூல் கட்டிய மொட்டு

தை பிறந்து சில நாள் கழித்து நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. நுனி, தேள் வால் போலச் சுருண்டிருந்தது. சுருளில் வரிசையாக மொட்டுகள். மாடசாமி லென்ஸை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். அடுத்த நிமிடம் அச்சகமே அதிரக் கத்தினார்.

“பிங்க்கு! யக்கா, பிங்க்கு! அண்ணாச்சி, ஓடி வாங்க!”

பைண்டிங் பெண்கள் பசைக் கையோடு ஓடி வந்தார்கள். லென்ஸ் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. மொட்டு சந்தேகமில்லாமல் ரோஸ். அன்று டீ செலவு மாடசாமியுடையது.

எனக்கு மட்டும் ஒரு கலக்கம் இருந்தது. முழுக்க ரோஸ் வகைச் செடி ஒன்றும் உண்டு என்று செல்போனில் பார்த்திருந்தேனே. விதை மாறி வந்திருந்தால்? நீலமே வராமல் போனால்? பெரிய மொட்டு ஒன்றின் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் சோறு பரிமாறும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன் போல. “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வர்ற மாதிரில்ல பதறுற” என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனபோது பாத்தி முன்னால் அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை மட்டும் நீட்டினார்.

சிவப்பு நூல் கட்டிய காம்பில் ஒரு பூ விரிந்திருந்தது. ஐந்து இதழ். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானத்தின் நீலம். நடுவே மஞ்சளாக ஒரு வளையம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதே சுருளில் அடுத்த மொட்டு ரோஸாக இருந்தது, அதற்கடுத்தது பாதி ரோஸ், பாதி ஊதா. மொட்டாக இருக்கும்போது ரோஸ், விரிந்தால் நீலம். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரமே கோமதி தன் எம்.டி.யை அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், முகத்தில் சிரிப்பில்லை. எங்கள் முதல் ப்ரூஃபை மாடசாமி செடிக்குப் பக்கத்தில் பிடித்தார். எம்.டி. குனிந்து செடியைப் பார்த்தார், ப்ரூஃபைப் பார்த்தார், லென்ஸைக் கேட்டு வாங்கி மறுபடியும் பார்த்தார்.

“கோமதி, இதுதானா அது?”

“இதேதான் சார். நம்ம தேள்கொடுக்குச் செடி இருக்குல்ல, அதோட குடும்பம். அதான் பூங்கொத்து இப்படிச் சுருண்டிருக்கு.”

“அப்போ இவங்க முதல்ல அடிச்சதுதான் கரெக்டு.”

“நான் அன்னைக்கே சொன்னேன் சார்!” என்றார் மாடசாமி. அவர் அன்றைக்குச் சொன்னது என் கம்ப்யூட்டர் தப்பு என்றுதான்.

எம்.டி. சிரித்துவிட்டார். கவரின் பின்பக்கத்தைத் திருப்பினார். வெளிநாட்டுக்காரர்கள் தந்த குறிப்பை மொழிபெயர்த்து ‘மே மாதம் விதைக்கவும்’ என்று போட்டிருந்தது.

அண்ணாச்சி மெல்ல, “ஐயா, நம்ம பக்கம் மே மாசம் விதைச்சா பூ வராது, வறுகடலைதான் வரும்” என்றார்.

அங்கேயே முற்றத்தில் நின்று கோமதியும் நானும் அதை மாற்றி எழுதினோம். ஐப்பசியில் மழை தொடங்கியதும் விதைக்கவும். முளைக்கும் வரை குளிர்ந்த இருட்டான இடத்தில் வைக்கவும். நிழல் விழும் இடத்தில் நடவும். உப்பில்லாத தண்ணீர் ஊற்றவும். எல்லாம் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. கடைசியாகக் கோமதி ஒரு வரி சேர்த்தார்: ‘மொட்டு ரோஸ் நிறத்தில் இருக்கும்; விரிந்ததும் நீலமாகும்.’

அந்த மாசியிலும் பங்குனியிலும் பைண்டிங் பெண்கள் யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. கவர் மடித்து ஒட்டுகிற வேலை சித்திரை வரை ஓடியது. பங்குனி வெயிலில் செடிகள் வாடி முடிந்துபோயின. அவற்றின் ஆயுள் அவ்வளவுதான் என்றார் கோமதி. யாரும் வருத்தப்படவில்லை. உதிர்ந்த விதையைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போனார்கள்.

7. ஒரு போன்

அடுத்த வருடம் தை மாதம் அச்சகத்துக்கு ஒரு போன் வந்தது. கவரின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் எண்ணும் இருந்தது. சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்திலிருந்து ஒரு பெண், பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவராம். குரலில் நல்ல சூடு.

“ஏங்க, நீலப் பூன்னு படம் போட்டு விக்கிறீக. எம்புட்டுப் பாடுபட்டு வளத்தேன் தெரியுமா? கடைசில பிங்க்கால்ல மொட்டு விட்டிருக்கு! விதைய மாத்திக் கட்டிட்டீகளா?”

“கவருக்குப் பின்னாடி எழுதியிருக்கேம்மா, படிக்கலையா?”

“கவரைப் பிரிச்ச அன்னைக்கே கிழிச்சுப் போட்டாச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அந்தக் காலை வேளையில் அண்ணாச்சி விரலை நீட்டிக் காட்டிய இடத்தில் நான் நின்றதை நினைத்தேன். அதை இந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பானேன்?

“ரெண்டு நாள் பொறும்மா. அப்பவும் பிங்க்கா இருந்தா கூப்பிடு, நானே வந்து பாக்குறேன்.”

மூன்றாம் நாள் காலையில் அதே எண்ணிலிருந்து போன். எடுத்தேன். எதிர்முனையில் வணக்கமும் இல்லை, பேரும் இல்லை.

“யக்கோய்! நீலம்!”

பின்னால் நாலைந்து பேர் பேசுகிற சத்தம். தெருவையே கூட்டிவைத்திருப்பார் போல. நான் மாடசாமியைக் கூப்பிட்டு அவர் காதில் ரிசீவரை வைத்தேன்.

பிரீ-பிரஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, படத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே மௌஸை எடுத்து அழிக்கப் போகாதீர்கள். அது எந்தப் பொருளின் படமோ, அந்தப் பொருளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் வளர்த்தாவது பாருங்கள். கொஞ்சம் நாளாகும், முதலாளி திட்டுவார். ஆனால் பிளேட் ரூமில் மட்டும் வைக்காதீர்கள்.